கூந்தல் உதிரும் காலம்: விக் அணியப் பழகுவோருக்கு

கீமோதெரபி தேவைப்படும் என்று தெரிவித்ததும் "எத்தனை முறை?", "எவ்வளவு செலவாகும்?" என்ற இரண்டு கேள்விகள் உடன் வந்த உறவினரிடமிருந்து வரும். மூன்றாவது கேள்வி நோயாளியுடையது. பெரும்பாலும் விடைபெற்று எழுந்த பிறகு, கதவருகே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "முடி கொட்டிவிடுமா, டாக்டர்?" நான் வாய் திறப்பதற்குள் உடன் வந்தவர் முந்திக்கொள்வார்: "உயிர் பெரிதா, முடி பெரிதா? வாம்மா." நோயாளியும் தலையசைத்துவிட்டு வெளியேறுவார். கேட்டதற்கு விடை கிடைக்காமலேயே வீடு போய்ச் சேர்வார்.

இக்கேள்வியை வீண் அலங்கார ஆசை என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. முடி உதிர்வதற்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது தவணைக்குப் பிறகு வராமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. மார்பகப் புற்றுநோயில் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய கீமோதெரபி மூன்று மாதங்களுக்கு மேல் தாமதமானால் அதன் பலன் குறையக்கூடும். எனவே தலையில் எதை அணிவது என்பது, சிகிச்சையை முழுமையாக முடிப்பதோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்வி. விக் அணிவதும் சேலை கட்டுவதைப் போன்ற ஒரு கைப்பழக்கமே. முதல் நாள் நழுவும்; சில நாள் பழகினால் கண்ணாடி பாராமலே சரியாக அமரும். ஆனால் அந்தச் சில நாள்களை முடி உதிரத் தொடங்கும் முன்பே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் நான் முதன்மையாக வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு எந்நேரமும் வளர்ச்சி நிலையில் இருப்பவை. அவற்றின் வேரடியிலுள்ள செல்கள் உடலிலேயே மிக விரைவாகப் பிரியும் செல்களுள் அடங்கும். விரைந்து பிரியும் செல்களைத் தாக்கும் மருந்துகள், புற்றுநோய்ச் செல் எது, முடிவேர்ச் செல் எது என்று முழுவதுமாகப் பிரித்தறிவதில்லை. டாக்ஸோரூபிசின், பாக்ளிடாக்ஸல், டோசிடாக்ஸல் போன்ற மருந்துகளைப் பெறுவோர்க்குப் பெரும்பாலும் தலைமுடி முழுவதும் உதிர்கிறது. வேறு சில மருந்துகளால் அடர்த்தி மட்டும் குறைகிறது. சிலவற்றால் வெளியே தெரியும்படி எதுவும் நிகழ்வதில்லை. ஆகவே, "முடி கொட்டுமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "எனக்குக் கொடுக்கப்போகும் மருந்தில் முழுவதும் உதிருமா, சிறிதளவு உதிருமா?" என்று கேளுங்கள். உங்கள் மருத்துவரால் அதற்குப் பெரும்பாலும் தெளிவாகவே விடை கூற முடியும்.

உதிர்வது முதல் தவணைக்குப் பின் இரண்டு அல்லது மூன்று வாரங்களில் தொடங்கும். அதற்கு ஓரிரு நாள் முன்பே உச்சந்தலை கூசும். தலையணையில் சாய்ந்தால் வலிக்கும். பிறகு சீப்பிலும் குளியலறை நீர்த்தாரையிலும் கைப்பிடியாக வரும். ஒரு வாரத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். அந்த வாரத்தில் கடை தேடி அலைவதும், கலங்கிய கண்களோடு அளவு பார்ப்பதும் மிகக் கடினம். அதனால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சிகிச்சை பெற்ற ஒரு தலைமையாசிரியை, கல்வியாண்டு முடியும்வரை கீமோதெரபியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். காரணத்தைக் கேட்டேன். "காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் மேடையில் நிற்பவள் நான், டாக்டர்" என்றார். இடுப்பைத் தொடும் பின்னல் அவருக்கு. தள்ளிவைக்க இயலாது என்பதை விளக்கியபின், எங்கள் செவிலியர் ஒருவருடன் அமர வைத்தேன். முதல் தவணைக்கு முன்பே அவர் விக் வாங்கினார். அவருக்கு அது எளிதாகவும் இல்லை, உடனே பிடித்துவிடவும் இல்லை. இருந்தாலும் அவர் கற்றுக்கொண்ட முறையிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துச் சொல்கிறேன்.

வாங்கப் போகும்போது உங்கள் சொந்த முடியோடு போங்கள். நிறமும் வகிடும் நெற்றியில் முடி தொடங்கும் இடமும் கடைக்காரர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது முடியாவிட்டால், பகல் வெளிச்சத்தில் எடுத்த முன்பக்க, பக்கவாட்டு நிழற்படங்களும் கத்தரித்த சிறு கற்றையும் போதும். நிறத்தில், தூய கருமையைவிடச் சற்றே மங்கிய கருமை இயல்பாகத் தோன்றும்; சிகிச்சைக் காலத்தில் முகம் வெளிறும்போது அடர்கருப்பு உறுத்தும். நீளத்தில் பேராசை வேண்டாம். இடுப்பு வரையிலான விக் எடை மிகுந்தது; பிடரியிலும் ரவிக்கை விளிம்பிலும் உரசிச் சிக்காகும். தோள் அளவே தொடக்கத்தில் ஏற்றது. தலைமையாசிரியையும் நெடுநேரத் தயக்கத்துக்குப் பின் அதற்கே இசைந்தார். விக் வாங்கிய அதே வாரத்தில் தம் பின்னலையும் தோளளவுக்குக் கத்தரித்துக்கொண்டார். பள்ளியில் எல்லோரும் முதலில் கவனித்தது அந்தக் கத்தரிப்பைத்தான். பின்னர் வந்த மாற்றத்தை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நான் கேட்டவற்றுள் மிகச் சிறந்த யோசனை இது.

செயற்கை இழையா, மனித முடியா என்பது அடுத்த கேள்வி. செயற்கை இழை எடை குறைந்தது, கழுவினாலும் வடிவம் மாறாதது, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது. மனித முடியாலான விக் தொடுவதற்கு இயல்பானது, பல்லாண்டு உழைக்கும். ஆனால் விலை பல மடங்கு, பராமரிப்பும் அதிகம். உலகச் சந்தையில் விற்கும் மனித முடி விக்குகளில் கணிசமானவை நம் பகுதிக் கோயில்களில் காணிக்கையாக இறக்கப்படும் முடியால் ஆனவை. திருமலையில் சேரும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு வெளிநாடுகளுக்குப் போகிறது. சவுரி வைத்துப் பின்னுவதும் மணப்பெண்ணுக்குச் சடை தைப்பதும் நமக்குப் புதியவை அல்லவே. பிறர் முடியைச் சூடுவதில் கூச்சப்படுவோர் இதை நினைத்துக்கொள்ளலாம். ஆறேழு மாதத் தேவைக்கு நல்ல செயற்கை இழையே போதும் என்பது என் கருத்து. கடன் வாங்கி விலையுயர்ந்ததை வாங்க வேண்டாம். அந்தப் பணம் சத்தான உணவுக்கும் பயணச் செலவுக்கும் தேவைப்படும்.

அளவு பார்க்கத் தையல் நாடா போதும். நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து காதுகளுக்குப் பின்புறமாகச் சென்று, பிடரியின் அடியைச் சுற்றி மீண்டும் நெற்றிக்கு வர வேண்டும். முடி உதிர்ந்தபின் இச்சுற்றளவு சற்றுக் குறையும். எனவே உட்புறத்தில் இறுக்கிக்கொள்ளும் பட்டையோ கொக்கியோ உள்ளதையே வாங்குங்கள். விக்கைப் புரட்டி உள்பக்கத்தையும் பாருங்கள். முரட்டுத் தையலும் கூரான ஓரமும் கடையில் உறுத்தாது; முடியற்ற தலையில் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும்.

இனி அணியும் முறை. முதலில் மெல்லிய பருத்தித் தலையுறை. அது வியர்வையை உறிஞ்சும், தையல் உரசாமல் காக்கும். நெற்றியோரம் முதல் பிடரி வரை சுருக்கமின்றி இழுத்துவிடுங்கள். இனி விக்கைக் கவிழ்த்துப் பிடித்து ஒரு முறை உதறுங்கள். தலையைச் சிறிது குனிந்து, முன் விளிம்பை நெற்றியில் பொருத்தி, பின்பகுதியைப் பிடரிக்கு இறக்குங்கள். வரிசை எப்போதும் முன்னிருந்து பின். முன் விளிம்பு புருவத்துக்கு மேல் நான்கு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். புதிதாக அணிவோர் அனைவரும் பயத்தால் விக்கை நெற்றிக்குக் கீழே இழுத்துவிடுவார்கள். அதுவே விக் என்று காட்டிக்கொடுத்துவிடும். விக்கின் இரு பக்கமும் காதுக்கு முன்னே சிறு நாக்குப் போன்ற பட்டைகள் இருக்கும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். கோணலாக இருந்தால் இந்தப் பட்டைகளைப் பிடித்துத் திருப்புங்கள்; முடியைப் பிடித்து இழுத்தால் இழைதான் கழன்று வரும். கடைசியாகப் பிடரிப் பட்டையை இறுக்குங்கள். தலையுறைக்கும் விக்குக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மாலையில் தலைவலி வரும்.

முதல் நாள் அரை மணி நேரம் அணிந்து வீட்டுக்குள்ளேயே நடமாடுங்கள். குனிந்து செருப்பு மாட்டுங்கள், துணி உலர்த்துங்கள், கழுத்தைத் திருப்பிப் பேசுங்கள். மறுநாள் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் மொட்டை மாடிக்குப் போய்க் காற்றில் நின்று பாருங்கள். காற்றில் விக் பறந்துவிடுமோ என்ற அச்சமே பலரை வீட்டுக்குள் முடக்குகிறது. சரியான அளவில் இறுக்கிய விக் அவ்வளவு எளிதில் நகராது என்பதை அங்கே நின்று கண்டறிந்தவர்கள் துணிந்து வெளியே வருகிறார்கள். பின்புறத்தை உங்களால் பார்க்க முடியாது. மகளோ கணவரோ தங்கையோ ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். குடும்பத்தினர் செய்யக்கூடிய பேருதவி இதுதான். "நன்றாகத்தான் இருக்கிறது" என்று முகம் பாராமல் சொல்வதைவிட, "இடது பக்கம் ஒரு விரல் தூக்கியிருக்கிறது" என்று சொல்வது ஆயிரம் மடங்கு பயன்படும்.

தலைமையாசிரியைக்கு வீட்டில் எல்லாம் சரியாக நடந்தது. முடி முழுவதும் உதிர்ந்தபின் விக் பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது. வழவழப்பான தலையில் நைலான் தலையுறைக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. இதற்கு வெல்வெட் துணியாலான அகலமான பட்டை ஒன்று கிடைக்கிறது. அதை நெற்றியோரமாகத் தலையைச் சுற்றி அணிந்து, அதன்மேல் விக்கை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். உறுத்தாத சிலிக்கான் பட்டைகளும் உண்டு. வெல்வெட் பட்டை வந்த பிறகுதான் அவர் மேடையில் கையைத் தலைக்குக் கொண்டுபோவதை நிறுத்தினார்.

ஒட்டுப் பசையும் இருபக்க ஒட்டு நாடாவும் வேண்டுமா என்று, குறிப்பாக இளைஞர்கள், கேட்கிறார்கள். கீமோதெரபிக் காலத்தில் வேண்டாம் என்பதே என் திட்டமான விடை. அப்போது தோல் மெலிந்து வறண்டிருக்கும். நாடாவை உரிக்கும்போது மேல்தோலும் சேர்ந்து உரியக்கூடும். வெள்ளணுக்கள் குறைந்த உடலில் அச்சிறு காயமே கிருமித் தொற்றுக்கு வழியாகும். புழுவெட்டு போன்ற காரணங்களால் முடி இழந்து, மற்றபடி நலமாக இருப்பவர்கள் பசையைப் பயன்படுத்தலாம். அவர்களும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி இரண்டு நாள் காத்திருந்து, அரிப்போ சிவப்போ இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கழற்றும்போது அதற்குரிய கரைப்பானால் ஊறவைத்துத் தளர்த்த வேண்டும். எஞ்சிய முடியோடு கவ்விக்கொள்ளும் கிளிப்புகள் நாளடைவில் அம்முடியையும் வேரோடு இழுக்கும். ஒரே இடத்தில் நாள்தோறும் மாட்டாதீர்கள். எம்ஆர்ஐ பரிசோதனைக்குச் செல்லும்போது விக்கையும் கிளிப்பையும் கழற்றிவிட வேண்டும்.

உதிரத் தொடங்கியதும் மொட்டை அடித்துவிடலாமா? அடிக்கலாம், பலருக்கு அது நிம்மதி தருகிறது. ஆனால் சவரக் கத்தியோ பிளேடோ கூடாது. மேலே சொன்ன அதே காரணந்தான். மின் ட்ரிம்மரால் ஒட்டக் கத்தரித்துக்கொள்ளுங்கள். சலூனுக்குப் போவதானால், கூட்டமில்லாத நேரத்தில், உங்கள் சொந்த ட்ரிம்மரைக் கொண்டுபோவது நல்லது. கோயிலில் முடியிறக்க நேர்ந்துகொண்டவர்கள் நாளைக் குறிக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். முதல் தவணைக்கு முன்பே அதை நிறைவேற்றிவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை.

விக்கோடு வரும் எந்தக் கையேட்டிலும் இல்லாத சில செய்திகள் நம் சமையலறையைச் சார்ந்தவை. செயற்கை இழை வெப்பத்தில் சுருண்டு பொசுங்கும். இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது எழும் ஆவியும், தாளிக்கும்போது குனியும் முகமும், குக்கரின் சீறலும் ஒரே நாளில் முன் முடியைச் சணல் போலாக்கிவிடும். அடுப்பருகே பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். சூடம் ஏற்றும்போதும் குத்துவிளக்கருகிலும் தீபாவளி மத்தாப்பருகிலும் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தேங்காய் எண்ணெய் விக்குக்கு ஆகாது. இழைகள் ஒட்டித் திரியாகும். பூச்சூட விரும்பினால், விக் தலையில் இருக்கும்போது ஊசி குத்தாதீர்கள். மேசைமேல் வைத்து, மல்லிகைச் சரத்தை ஹேர்பின்னால் இழையோடு மட்டும் கோத்து, முனை உள்ளே நீட்டவில்லை என்று தடவிப் பார்த்தபின் அணியுங்கள். வகிட்டில் வைக்கும் குங்குமம் விக்கின் அடித்துணியில் நிரந்தரக் கறையாகிவிடும்; அங்கே ஒட்டும் பொட்டு போதும்.

துவைப்பது எளிது. ஏழெட்டு முறை அணிந்தபின் கழுவலாம். நம் கோடையில் அதற்கு முன்பே தேவைப்படும். அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, குளிர்ந்த நீரில் சிறிது ஷாம்பு கலந்து அமிழ்த்தி எடுங்கள். கசக்கவோ பிழியவோ வேண்டாம். துண்டில் ஒற்றி, கவிழ்த்த சொம்பின்மேல் நிழலில் உலர விடுங்கள். ஈரமாக இருக்கும்போது சீவக் கூடாது. இரவில் விக்கைக் கழற்றிவிட்டே உறங்க வேண்டும்.

விக்கின் அடியிலுள்ள தோலுக்கும் பராமரிப்பு வேண்டும். மென்மையான சோப்பால் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, மணமில்லாத ஈரப்பதக் களிம்பை இரவில் தடவுங்கள். சீழ்க் கொப்புளங்கள், பரவும் சிவப்பு, நீர்க்கசிவு ஆகியவை தென்பட்டால் விக்கை நிறுத்திவிட்டு எங்களிடம் காட்டுங்கள். கீமோதெரபிக் காலத்தில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவானாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். இதற்கும் விக்குக்கும் தொடர்பில்லை. ஆனாலும் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிவிடுவது என் வழக்கம்.

உறவினர்களுக்கு ஒரு சொல். விக் அணிவதா வேண்டாமா என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். விருந்தினர் வரும்போது மட்டும் "அதை எடுத்து மாட்டிக்கொள்" என்று சொல்லும் வீடுகள் உண்டு. அப்படிச் சொல்வது நோயாளியின் முகத்தையே மறைக்கச் சொல்வதாக அவருக்குப் படுகிறது. மறுபுறம், "வீட்டுக்குள் எதற்கு இது?" என்று கேலியாகக் கழற்றச் சொல்வதும் சரியன்று. நம் ஊரில் மொட்டைத் தலைக்கு ஒரு வசதியும் உண்டு: "திருப்பதியா, பழனியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பருத்தித் துணியை அழகாகக் கட்டிக்கொண்டோ, எதுவுமே இல்லாமலோ வந்து சிகிச்சையை முடித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆண்கள் இதைப் பற்றிக் கேட்பதே இல்லை. பெண் பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த ஓர் இளைஞர், தொப்பியைக் கழற்றாமலே ஐந்து தவணைகளுக்கு வந்தார், ஆறாவதில்தான், "ஆண்களுக்கும் கிடைக்குமா, டாக்டர்?" என்றார். கிடைக்கும். குழந்தைகளுக்கும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலான குழந்தைகள் பத்தே நிமிடத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு விளையாடப் போய்விடுகிறார்கள்.

கடைசித் தவணை முடிந்து ஓரிரு மாதங்களில் பூனைமுடி போல அரும்பத் தொடங்கும். வளர்ச்சி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். முதலில் நரைத்தோ சுருண்டோ வரலாம். பலருக்கு அது நாளடைவில் பழைய இயல்புக்குத் திரும்பும். டோசிடாக்ஸல் பெற்றவர்களில் அரிதாகச் சிலருக்கும், தலையில் மிகுதியான கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்கும் முழுவதும் வளராமற்போகலாம். அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதுமுடிக்குச் சாயம் பூச ஆறு மாதமாவது பொறுங்கள். அரும்பும் முடி விக்கை மேலே தூக்கும். அப்போது பிடரிப் பட்டையை ஒரு கொக்கி தளர்த்துங்கள். விக் இனித் தேவையில்லை என்று ஆனபின் சிலர் அதை எங்கள் செவிலியர்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், வாங்க வசதியில்லாத மற்றொருவருக்காக. அப்படிக் கொடுப்பதானால் கழுவி, முழுவதும் உலர்த்தி, சிக்கெடுத்துக் கொடுங்கள். தலையுறையை மட்டும் பெறுபவர் புதிதாக வாங்கிக்கொள்ளட்டும்.